பப்ளியஸின் இரு வாக்குறுதிகள்: அமெரிக்காவின் முதற் கட்சிகளும் மத்திய அரசின் அதிகார எல்லையும் — ஒரு விமர்சன நோக்கு

‘சமஷ்டி’ என்ற சொல்லைக் கேட்டதும், மத்தியிற் குவிந்துள்ள அதிகாரத்தைப் பிரதேசங்களுக்குப் பகிர்ந்தளித்தல் என்ற பொருளே நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுகின்றது. இலங்கை அரசியல் அச்சொல்லுக்கு ஏற்றிவைத்த பொருள் அது. அப்பொருளை மனத்திற் கொண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஆரம்பகால வரலாற்றைப் படிக்கப் புகும் மாணவன் முதற் பக்கத்திலேயே தடுமாற நேரிடும். அங்கு 1787 இல் தம்மைச் சமஷ்டிவாதிகள் என அழைத்துக்கொண்டோர் மத்தியை வலுப்படுத்த முனைந்தவர்கள். மாநிலங்களின் அதிகாரத்தைக் காக்க முற்பட்டோரோ எதிர்ச்சமஷ்டிவாதிகள் எனப் பெயர்பெற்றனர். உண்மையான சமஷ்டிவாதிகள் தாமே என்றும், தமக்குரிய பெயரை எதிரணியினர் கவர்ந்துகொண்டனர் என்றும் பின்னவர் முறையிட்டனர். அம்முறைப்பாட்டில் நியாயம் இல்லாமலில்லை.

இம்மாறுபாட்டுக்குக் காரணம் பயணம் தொடங்கிய இடம் வேறாக இருந்தமையே. 1781 இல் நடைமுறைக்கு வந்த கூட்டிணைப்பு விதிகளின் கீழ் அமெரிக்காவின் 13 மாநிலங்களும் ஏறக்குறையத் தனி நாடுகளாகவே இயங்கின. அவற்றின் பொதுச் சபையாகிய கொங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இருக்கவில்லை. மாநிலங்களிடம் அது பணம் கேட்கலாம். அவை கொடாதுவிடின் வாளாவிருப்பதன்றி வேறு வழியில்லை. இறக்குமதிப் பொருள்கள்மீது நூற்றுக்கு 5 வீதத் தீர்வை விதிப்பதற்கு 1781 இல் முன்வைக்கப்பட்ட திட்டம், றோட் ஐலண்ட் என்னும் சிறு மாநிலம் 1782 இல் இணங்க மறுத்தமையால் வீழ்ச்சியுற்றது. விதிகளைத் திருத்துவதற்கு எல்லா மாநிலங்களினதும் சம்மதம் வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். 1786 இல் மாசாசூசெற்ஸ் மாநிலத்திற் கடனாலும் வரியாலும் நலிந்த விவசாயிகள் கிளர்ந்தெழுந்தமை சொத்துடையோரை அச்சுறுத்தியது. இப்பின்னணியிலேயே 1787 மே மாதம் பிலடெல்பியா நகரிற் சமவாயம் கூடியது. அதிற் பங்குபற்றியோர் 55 பேர். செப்டெம்பர் 17 ஆம் நாள் புதிய அரசியல் யாப்பிற் கையொப்பமிட்டோர் 39 பேர். 9 மாநிலங்களின் சமவாயங்கள் ஏற்றுக்கொண்டால் யாப்பு அம்மாநிலங்களிடையே செயற்படும் என விதிக்கப்பட்டது.

ஏற்பு நிச்சயமற்றிருந்த முக்கிய மாநிலங்களுள் நியூயோர்க் ஒன்று. அங்குள்ள மக்களை இணங்கச் செய்யும் நோக்குடன் 1787 ஒக்டோபர் 27 ஆம் நாள் தொடக்கம் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரிற் பத்திரிகைக் கட்டுரைகள் வெளிவரலாயின. மொத்தம் 85 கட்டுரைகள். அலெக்சாந்தர் ஹமில்ரன் 51, ஜேம்ஸ் மடிசன் 29, ஜோன் ஜே 5 என அவை மூவருக்குரியன என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. ‘பெடரலிஸ்ற்’ என்ற பெயரில் 1788 இல் நூலுருப்பெற்ற இத்தொகுப்பு, அமெரிக்க யாப்புக்கு எழுந்த மூலவுரை போலப் போற்றப்படுகின்றது. நீதிமன்றங்கள் அதனை மேற்கோள் காட்டுகின்றன. பல்கலைக்கழகங்கள் அரசறிவியலின் செவ்வியல் நூலென அதனைப் பயிற்றுகின்றன.

அப்பெருமையை மறுப்பது எமது நோக்கமன்று. ஆயின் நூலெழுதிய நால்வாண்டுக்குள் அதன் முதன்மையாசிரியர் இருவரும் எதிரெதிர் அணிகளின் தலைவர்களாகி, அந்நூல் விளக்கிய அதே யாப்பின் பொருள்பற்றியே பொருதினர் என்பதை விமர்சகன் எளிதிற் கடந்துசெல்ல இயலாது. ஒரே பெயரில் எழுதிய இருவர் ஏன் பிரிந்தனர்? அவர்களுள் ஒருவர் கொள்கை மாறினார் என்பதே வழக்கமான விடை. அப்பிளவு நூலுக்குள்ளேயே இருந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு. பப்ளியஸ் இரு சாராருக்கு இரு வாக்குறுதிகளை வழங்கினார்; அமெரிக்காவின் முதற் கட்சிகள் இரண்டும் அவ்வாக்குறுதிகளுள் ஒவ்வொன்றைக் கைக்கொண்டு எழுந்தன.

வழக்குரையும் தத்துவமும்

பெடரலிஸ்ற் நூலைத் தத்துவ நூலாகப் படிக்குமுன் அது ஒரு வழக்குரை என்பதை மனங்கொள்ள வேண்டும். ஹமில்ரன் 1787 யூன் 18 ஆம் நாள் பிலடெல்பியாச் சமவாயத்தில் ஏறத்தாழ ஆறு மணிநேரம் நிகழ்த்திய உரையிற் பிரித்தானிய ஆட்சிமுறையைப் புகழ்ந்து, நன்னடத்தை உள்ளவரை ஆயுள் முழுவதும் பதவி வகிக்கும் ஆட்சித் தலைவர் ஒருவர் வேண்டும் என்றார். மடிசனோ மாநிலச் சட்டங்கள் எவற்றையும் தள்ளுபடி செய்யும் அதிகாரம் மத்திய சட்டமன்றுக்கு வேண்டுமென்று வாதாடித் தோற்றவர். ஆகவே, இருவரும் தாம் விரும்பியதினும் வலுக்குறைந்த ஒரு மத்திய அரசையே பப்ளியஸ் என்ற பெயரில் ஆதரித்து எழுதினர். அதனை ஏமாற்று எனல் தகாது. விரும்பியது கிடையாதவிடத்துக் கிடைத்ததைக் காத்தல் அரசியலில் இயல்பே. ஆனால் இந்நூலின் ஒவ்வொரு கூற்றையும் ஆசிரியரின் அந்தரங்க நம்பிக்கை எனக் கொள்ளும் வாசிப்பு இதனால் வலுவிழக்கின்றது.

நடையும் இதனையே உணர்த்துகின்றது. நூலில் 12 கட்டுரைகள் ஹமில்ரனுடையனவா மடிசனுடையனவா என்ற வழக்கு நெடுங்காலம் நிலவியது. 1964 இல் மொஸ்ரெல்லர், வாலஸ் என்னும் புள்ளிவிபரவியலாளர் இருவர் அவற்றை ஆராய்ந்து, மடிசனுடையன என்ற முடிவுக்குப் பெருவலுச் சேர்த்தனர். அவர்கள் கருத்தை அளவுகோலாகக் கொள்ளவில்லை. சிறு சொற்களின் வருகையை எண்ணினர். ‘மேல்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் இரு வடிவங்களுள் ஒன்றை ஹமில்ரன் மிகுதியாகவும் மடிசன் அரிதாகவும் கையாண்டமை அவர்களுக்குக் கிடைத்த தலையாய சான்றுகளுள் ஒன்று. பிற்காலத்தில் முற்றாக மாறுபட்ட இரு சிந்தனையாளரை இந்நூலிற் பிரித்தறிவதற்கு அத்தகைய நுண்கருவி வேண்டியிருந்தது. பப்ளியஸ் என்ற முகமூடி அத்துணை இறுக்கமாகப் பொருந்தியிருந்தது எனலாம்.

இரு வாக்குறுதிகள்

முகமூடியின் உள்ளே இரு குரல்கள் இருந்தன. 23 ஆம் கட்டுரையில் ஹமில்ரன், நாட்டின் பாதுகாப்புக்கு வேண்டிய அதிகாரங்களுக்கு முன்கூட்டியே வரம்பிடுதல் இயலாது என்றார். வருங்கால நெருக்கடிகளின் அளவை எவரும் முன்னறிய முடியாதாகையால் அவற்றுக்கான வழிவகைகளையும் அளந்து வைக்க இயலாது என்பது அவர் வாதம். 33 ஆம் கட்டுரையில் அவர், கொங்கிரஸ் தனது அதிகாரங்களைச் செயற்படுத்துவதற்கு ‘அவசியமானதும் தகுந்ததுமான’ சட்டங்களை ஆக்கலாம் என்ற வாசகத்தை எடுத்துக்கொண்டு, அவ்வாசகம் இல்லாதிருப்பினும் யாப்பின் பொருள் மாறாது என்றார். 44 ஆம் கட்டுரையில் மடிசனும் அதே திசையிற் செல்கின்றார். ஒரு நோக்கத்தை நிறைவேற்றும் பொறுப்பு அளிக்கப்படின், அதற்கான வழிவகைகளும் உடன் அளிக்கப்பட்டனவாகவே கொள்ளல் வேண்டும் என்பது அவர் கூற்று. இது முதலாவது வாக்குறுதி: மத்திய அரசு தன் கடமைக்குப் போதிய வலுவுடையதாக இருக்கும்.

மறுத்தே ஆகவேண்டிய அச்சமும் ஒன்று இருந்தது. 39 ஆம் கட்டுரை, புதிய யாப்பு முற்றிலுந் தேசியமானதுமன்று, முற்றிலுஞ் சமஷ்டியானதுமன்று, இரண்டின் கலவை என்கின்றது. 45 ஆம் கட்டுரை இன்னும் ஒருபடி மேற்சென்று, மத்திக்கு அளிக்கப்பட்ட அதிகாரங்கள் சிலவே, அவையும் வரையறுக்கப்பட்டவை, மாநிலங்களிடம் எஞ்சியிருப்பனவோ பலவும் வரையறையற்றனவும் என உறுதிகூறுகின்றது. இது இரண்டாவது வாக்குறுதி: மத்திய அரசு எல்லை கடவாது.

இரு வாக்குறுதிகளும் தனித்தனியே கேட்பதற்கு இனியவை. சேர்த்து நோக்கும்போதே இடர்ப்பாடு தோன்றுகின்றது. அதிகாரங்களின் எண்ணிக்கை சிறிதாயினும், ஒவ்வொன்றுக்குமான வழிவகைகள் அளவிறந்தனவாயின், எல்லை என்பது எங்கே? எல்லையைக் குறிப்பவர் யார்?

இவ்வினாவை அக்காலத்திலேயே எழுப்பியவர், ‘புரூட்டஸ்’ என்ற புனைபெயரில் நியூயோர்க்கில் 16 கட்டுரைகள் எழுதிய எதிர்ச்சமஷ்டிவாதி. வழிவகை வாசகமும், மத்திய சட்டமே நாட்டின் மேலான சட்டம் என்ற வாசகமும் இணையுமிடத்து, மாநில அரசுகள் காலப்போக்கில் வெறும் நிழல்களாகும் என்று அவர் தமது முதற் கட்டுரையிலேயே எச்சரித்தார். மத்திய நீதிமன்றமே இம்மாற்றத்தின் கருவியாகும் என்றும், அது ஓசையின்றிப் படிப்படியாக நிகழும் என்றும் அவருடைய பிற்பட்ட கட்டுரைகள் முன்னுரைத்தன. பப்ளியஸ் இதற்கு 78 ஆம் கட்டுரையில் அளித்த விடை, வாளும் பணப்பையும் இல்லாத நீதித்துறை மூன்று துறைகளுள்ளும் ஆபத்துக் குறைந்தது என்பதே. யாப்பை வாசித்தவர் என்ற வகையிற் புரூட்டஸ் பப்ளியஸை விஞ்சியவர் என்று கூறத் தோன்றுகின்றது. எழுத்தில் உள்ளதை அவர் கண்டார். எழுதியோரின் நல்லெண்ணத்தை எழுத்தோடு குழப்பிக்கொள்ளவில்லை.

ஏற்பு வாக்கெடுப்புகள் அச்சத்தின் ஆழத்தைக் காட்டின. 1788 யூன் மாதம் வேர்ஜீனியாவில் ஆதரவு 89, எதிர்ப்பு 79. அடுத்த மாதம் நியூயோர்க்கில் 30 இற்கு 27. உரிமைகளை உறுதிசெய்யும் திருத்தங்கள் வரும் என்ற எதிர்பார்ப்பே பலரை இணங்கச் செய்தது. 84 ஆம் கட்டுரையில் உரிமைப் பட்டியல் தேவையற்றது எனப் பப்ளியஸ் வாதித்திருந்தும், 1789 யூன் 8 ஆம் நாள் பிரதிநிதிகள் சபையில் மடிசனே திருத்தங்களை முன்மொழிந்தார். மத்திக்கு அளிக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்ற பத்தாந் திருத்தம் அவற்றுள் ஒன்று. ‘அளிக்கப்படாத’ என்பதன் முன் ‘வெளிப்படையாக’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று அவையிற் கோரப்பட்டது. பழைய கூட்டிணைப்பு விதிகளில் அச்சொல் இருந்தது. மடிசன் அதனை எதிர்த்தார், கோரிக்கை தோற்றது. ஒற்றைச் சொல் விலக்கப்பட்டமையால் வழக்கு முடியாது அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது.

வங்கியும் ஒரு சொல்லின் பொருளும்

1789 செப்டெம்பரில் ஹமில்ரன் திறைசேரிச் செயலாளரானார். அடுத்த ஆண்டு சனவரியில், மாநிலங்களின் போர்க்கடன்களையும் மத்தி பொறுப்பேற்க வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தார். தன் கடனிற் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்ட வேர்ஜீனியா இதனை எதிர்த்தது. அம்மாநிலப் பிரதிநிதியான மடிசனும் எதிர்த்தார். தலைநகரைப் பொற்றோமக் ஆற்றங்கரையில் அமைக்கும் ஏற்பாட்டோடு இணைந்த இணக்கத்தினாலேயே திட்டம் நிறைவேறியது. 1790 திசெம்பரில் ஹமில்ரன் தேசிய வங்கி ஒன்றை முன்மொழிந்தார். மூலதனம் ஒரு கோடி டொலர். அதில் ஐந்திலொரு பங்கு அரசாங்கத்துக்கு. 20 ஆண்டுக்காலச் சாசனம். யாப்பிலோ வங்கி என்ற சொல் எங்கும் இல்லை. கூட்டுத்தாபனச் சாசனம் வழங்கும் அதிகாரத்தைக் கொங்கிரசுக்கு அளிக்குமாறு பிலடெல்பியாவிற் கேட்டவர் மடிசன். அச்சமவாயம் அதனை ஏற்கவில்லை. அந்த மடிசனே 1791 பெப்ரவரியில், சமவாயம் மறுத்த அதிகாரத்தை வியாக்கியானத்தின் மூலம் பெறுதல் தகாது என்று வாதாடினார். சட்டமூலம் 39 இற்கு 20 என்ற வாக்குகளால் நிறைவேறியது.

ஐயுற்ற சனாதிபதி வாஷிங்ரன் தம் அமைச்சர்களின் கருத்தை எழுத்திற் கேட்டார். இராஜாங்கச் செயலாளர் தோமஸ் ஜெபர்சனும் ஹமில்ரனும் அளித்த அறிக்கைகள் ஒரு சொல்லின் பொருளைப்பற்றியே பொருதுகின்றன. ‘அவசியம்’ என்பது எது இன்றேல் காரியம் நடவாதோ அதுவே என்றார் ஜெபர்சன். வசதியானதெல்லாம் அவசியமெனக் கொள்ளப்படின் வரையறுத்த அதிகாரங்கள் அனைத்தும் ஒரே அதிகாரத்துள் விழுங்கப்படும் என்பது அவர் அச்சம். ‘அவசியம்’ என்பது வழக்கிற் பயனுடையது, உதவுவது, ஏதுவாவது என்பவற்றையும் குறிக்கும் என்றார் ஹமில்ரன். நோக்கம் யாப்புக்கு உட்பட்டதாயின், அதனோடு இயைபுடைய வழிவகை தடைசெய்யப்படாதவிடத்து ஏற்கத்தக்கதே என்பது அவர் அளவுகோல். வாஷிங்ரன் பெப்ரவரி 25 ஆம் நாள் கையொப்பமிட்டார்.

இவ்விரு அறிக்கைகளையும் ஒப்பிடுவோர் ஹமில்ரனின் தருக்கத் திறனை வியவாதிரார். எனினும் தருக்கத்தில் வல்லது யாவும் வாக்குறுதியை நிறைவேற்றுவதாகாது. 44 ஆம் கட்டுரையை நோக்கின் மடிசன் தன் சொல்லைத் தானே மறுத்தவராகத் தோன்றுவார்; 45 ஆம் கட்டுரையை நோக்கின் சொன்ன சொல்லைக் காத்தவராகத் தோன்றுவார். 1796 இல் அவர் சபையிற் கூறிய ஒரு கருத்து இங்குத் துணைபுரிகின்றது. யாப்பின் பொருளை வரைந்தோரின் எண்ணத்திலன்றி, அதற்கு உயிரளித்த மாநிலச் சமவாயங்கள் அதனை எவ்வாறு விளங்கிக்கொண்டன என்பதிலேயே தேட வேண்டும் என்றார் அவர். அவ்வளவுகோலின்படி 45 ஆம் கட்டுரை வெறும் வாதமன்று. ஐயுற்ற மக்களின் வாக்கைப் பெறுவதற்கு வழங்கிய உறுதிமொழி. மடிசனைக் கட்சி மாறியவர் என்று பழிப்போர் இதனைக் கருத்திற் கொள்வதில்லை. அதே வேளை, ஹமில்ரனும் ஏமாற்றியவரல்லர். 23 ஆம், 33 ஆம் கட்டுரைகளிற் கூறியதையே அவர் செய்தார். குறை ஆசிரியர்களிலன்று, நூலிலேயே உள்ளது.

கட்சியைப் பழித்த நூலிற் பிறந்த கட்சிகள்

பப்ளியஸின் 10 ஆம் கட்டுரை உட்பிரிவுக் குழுக்களின் தீங்கைப் பேசுவது. பரந்த குடியரசில் நலன்கள் பலவாகச் சிதறுவதால் ஒரு குழு பெரும்பான்மையாகித் திரண்டு பிறரை ஒடுக்குதல் அரிது என்பது அதன் மையக் கருத்து. அக்கட்டுரையை எழுதிய மடிசனே நால்வாண்டில் நாடளாவிய கட்சியொன்றைக் கட்டியெழுப்பத் தொடங்கினார். 1789 முதல் வெளிவந்த ஜோன் ஃபெனோவின் பத்திரிகை அரசாங்கத்தைப் போற்றியது. 1791 ஒக்டோபரில் ஜெபர்சன், மடிசன் ஆகியோரின் தூண்டுதலாற் கவிஞர் பிலிப் ஃபிரனோ மறுதரப்புப் பத்திரிகையைத் தொடங்கினார். இராஜாங்கத் திணைக்களத்தில் மொழிபெயர்ப்பாளராக ஆண்டுக்கு 250 டொலர் வேதனமும் அவர் பெற்றார் என்பது கட்சி அரசியலின் தூய்மையை மிகைப்படுத்துவோர் நினைவிற் கொள்ளத்தக்கது. ஹமில்ரன் தரப்பினர் பெடரலிஸ்ற் கட்சியினராகவும், மற்றையோர் குடியரசுக் கட்சியினராகவும் அறியப்பட்டனர். பின்னது 1854 இல் தோன்றிய இன்றைய குடியரசுக் கட்சியினின்றும் வேறானது.

1793 இல் பிரான்சியப் போரில் நடுநிலை வகிக்கும் அறிவித்தலைப்பற்றி ஹமில்ரனும் மடிசனும் வெவ்வேறு புனைபெயர்களில் ஒருவரையொருவர் எதிர்த்தெழுதினர். 1794 இல் மதுசார வரியை எதிர்த்து மேற்குப் பென்சில்வேனியாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்க ஏறத்தாழ 13,000 படையினர் திரட்டப்பட்டனர். பப்ளியஸின் மூன்றாமவராகிய ஜே பிரித்தானியாவுடன் செய்த உடன்படிக்கை, 1795 இற் செனற் சபையில் 20 இற்கு 10 என வேண்டிய மூன்றிலிரண்டை மட்டாகப் பெற்று நாட்டைப் பிளந்தது. 1796 இல் வெளியான வாஷிங்ரனின் பிரியாவிடையுரை கட்சி மனப்பான்மையைக் கண்டித்தது. அவ்வுரைக்கு 1792 இல் முதல் வரைவு எழுதியவர் மடிசன்; 1796 இல் அதனைத் திருத்தி விரித்தவர் ஹமில்ரன். கட்சிகளுக்கு எதிரான அவ்வறிவுரையும் இரு கட்சித் தலைவர்களின் கைபட்டு உருவானமை வரலாற்றின் முரண்நகை.

1798 இற் பூசல் உச்சமடைந்தது. பிரான்சுடன் போர் மூளக்கூடும் என்ற அச்சத்திற் பெடரலிஸ்ற் கட்சியினர் இராசநிந்தனைச் சட்டத்தை நிறைவேற்றி, அரசாங்கத்தையும் கொங்கிரசையும் சனாதிபதியையும் பழித்தெழுதுவதைக் குற்றமாக்கினர். வெர்மொண்ட் மாநிலப் பிரதிநிதி மத்தியூ லயன் நான்கு மாதச் சிறையும் 1,000 டொலர் தண்டமும் பெற்றார். சிறையிலிருந்தபடியே மீண்டுந் தெரிவுசெய்யப்பட்டார். உபசனாதிபதியாயிருந்த ஜெபர்சன் தம் பெயரை மறைத்துக் கென்ரக்கிச் சட்டமன்றுக்கும், மடிசன் அவ்வாறே வேர்ஜீனியாச் சட்டமன்றுக்கும் தீர்மானங்கள் எழுதிக்கொடுத்தனர். யாப்பு மாநிலங்களிடையே ஏற்பட்ட உடன்படிக்கை என்றும், மத்தி எல்லை கடக்குமிடத்து அதனைச் சுட்டும் உரிமை மாநிலங்களுக்குண்டு என்றும் அவை கூறின. அரசியற் பேச்சுச் சுதந்திரமும் மாநில உரிமையும் ஒரே குரலில் ஒலித்த காலம் அது.

கைமாறிய வாதங்கள்

1800 ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் அதிகாரம் கைமாறியது. வாதங்களும் உடன் கைமாறின. 1803 இல் ஜெபர்சன் லூசியானாப் பிரதேசத்தை ஒன்றரைக் கோடி டொலருக்கு வாங்கினார். வெளிநாட்டு நிலத்தை வாங்கி நாட்டோடு இணைக்கும் அதிகாரம் யாப்பில் உண்டா என அவரே ஐயுற்றுத் திருத்தமொன்றை வரைந்தார். காலந் தாழ்த்தினால் வாய்ப்பு நழுவும் என அஞ்சி அதனைக் கைவிட்டார். 1807 இல் அவர் விதித்த கப்பற்றடை, அதற்கு முன்னர் எந்த மத்திய அரசும் துணியாத அளவுக்குக் குடிமக்களின் தொழிலிற் குறுக்கிட்டது. அப்போது மாநில உரிமை பேசியோர் நியூ இங்கிலாந்தின் பெடரலிஸ்ற் கட்சியினர். 1814 திசெம்பரில் ஹாட்பர்ட் நகரிற் கூடிய அவர்களின் சமவாயம், மத்தியின் அத்துமீறலைத் தடுக்க மாநிலங்கள் இடைநிற்கலாம் என்றது. வேர்ஜீனியாத் தீர்மானத்தின் மொழியே அது. அதே வேளையிற் போர் முடிவுற்றமையால் அக்கட்சி நகைப்புக்கிடமாகி மறையலாயிற்று.

முதல் வங்கியின் சாசனம் 1811 இற் காலாவதியாயிற்று. அதனைப் புதுப்பிக்குஞ் சட்டமூலம் செனற் சபையில் 17 இற்கு 17 எனச் சமமாகி, உபசனாதிபதி ஜோர்ஜ் கிளின்ரனின் வாக்கினால் வீழ்ந்தது. போர் முடிந்தபின் 1816 இல் மூன்றரைக் கோடி டொலர் மூலதனத்துடன் இரண்டாம் வங்கிக்குக் கையொப்பமிட்டவர் சனாதிபதி மடிசன். நெடுங்கால வழக்கினாலும் மக்களின் இசைவினாலும் அவ்வினா முடிந்துபோனது என்பது அவர் சமாதானம். மறுவருடம் மார்ச் மாதத்தில், வீதிகளும் கால்வாய்களும் அமைக்கும் சட்டமூலத்தை யாப்பில் இடமில்லை என்று தள்ளுபடி செய்தவரும் அவரே. 1819 இல் மேரிலண்ட் மாநிலம் அவ்வங்கிமீது விதித்த வரி வழக்காகியபோது, உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல் ஹமில்ரனின் வாதத்தையே தீர்ப்பாக்கினார். பத்தாந் திருத்தத்தில் ‘வெளிப்படையாக’ என்ற சொல் இல்லாமையும் அத்தீர்ப்பிற் சுட்டப்பட்டது. புரூட்டஸ் நீதிமன்றத்தைப்பற்றி முன்னுரைத்தது ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் மெய்யாயிற்று.

இவற்றைக் காண்போர், கொள்கை என்பது பதவி இல்லாதவன் அணியும் ஆடை எனக் கைவிரித்துவிடக்கூடும். அம்முடிவு எளிது, ஆயின் முழுமையானதன்று. ஜெபர்சன் வரைந்த திருத்தமும், மடிசனின் 1817 ஆம் ஆண்டுத் தள்ளுபடியும், அதிகாரத்திலிருந்தபோதும் அவர்களை ஏதோ ஒன்று உறுத்தியமைக்குச் சான்றாவன. அதனினும் முக்கியமானது வேறொன்று. பப்ளியஸ் இரண்டாவது வாக்குறுதியைக் காக்கும் பொறுப்பை வலுவேறாக்கத்திடமும் மாநிலங்களிடமும் நாட்டின் பரப்பிடமும் ஒப்படைத்தார். நடைமுறையில் அதனைக் காத்தது அவர் பழித்த கட்சியே. இராசநிந்தனைச் சட்டத்தை நீதிமன்றம் வீழ்த்தவில்லை. அதனை ஆக்கியோர் தேர்தலில் தோற்றனர். 1801 மார்ச் 3 ஆம் நாள் அது காலாவதியாயிற்று. மறுநாள் ஜெபர்சன் பதவியேற்றார், தோற்றவர்கள் வாளெடுக்கவில்லை. எல்லையை வாசகம் காப்பதில்லை. அவ்வாசகத்தை நினைவூட்டத் தக்க எதிரணி, பேசும் உரிமையோடு இருத்தல் வேண்டும். எந்தத் தரப்பு எதிரணியாகின்றதோ அதுவே வாக்குறுதியின் காவலனாகின்றது. வாதங்கள் கைமாறியமை இழிவாகத் தோன்றினும், அக்கைமாற்றமே அவற்றை உயிரோடு வைத்திருந்தது.

பேசாத ஒரு தரப்பு

எதிரணியின் சிறப்பை இவ்வாறு கூறியபின் ஒரு கேள்வியைத் தவிர்த்தல் நேர்மையாகாது. எக்கட்சியும் இல்லாதோரின் நிலை யாது? 1790 ஆம் ஆண்டின் முதற் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 39 இலட்சம் மக்களுள் 7 இலட்சம் பேர் வரை அடிமைகள். அவர்களுள் ஐந்திலே மூன்று பங்கினரைப் பிரதிநிதித்துவக் கணக்கிற் சேர்க்கும் விதியை 54 ஆம் கட்டுரை ஆதரிக்கின்றது. ஆயின் அங்குப் பப்ளியஸ் தம் குரலிற் பேசவில்லை. தென்மாநிலத்தவர் ஒருவர் இவ்வாறு கூறக்கூடும் என்று கற்பனைப் பேச்சாளர் ஒருவரை நிறுத்தி, வாதம் முழுவதையும் அவர் வாயிலிட்டு, ஈற்றில் அதனோடு தாம் உடன்படுவதாக ஒதுங்கிக்கொள்கின்றார். சட்டத்தில் அடிமை பாதி ஆளாகவும் பாதி உடைமையாகவும் நடத்தப்படுகின்றான் என்பதே அவ்வாதம். 85 கட்டுரைகளுள்ளும் நடை இத்துணை கூசி நிற்கும் இடம் வேறில்லை எனலாம். முகமூடிக்கு மேல் இன்னொரு முகமூடி அங்கு வேண்டியிருந்தது. மறைத்த உண்மையை நடை காட்டிக்கொடுக்கும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று கிடைப்பதரிது.

அவ்விதியினாற் பெற்ற மேலதிக வாக்குகள் இல்லாதிருப்பின் 1800 இல் ஜெபர்சன் அல்லர், ஜோன் அடம்ஸே வென்றிருப்பார் என வரலாற்றாசிரியர் பலர் கணக்கிட்டுக் காட்டுவர். சுதந்திரத்தின் பேரால் மத்தியை எல்லைப்படுத்திய கட்சி, சுதந்திரமற்றோரின் தலைகளை எண்ணி வென்றது. 1798 இற் பத்திரிகையாளரைக் காத்த அதே மாநில உரிமைக் கோட்பாட்டை 1832 இல் தென் கரோலினா மத்தியின் தீர்வைச் சட்டத்தைச் செல்லாதாக்கக் கையிலெடுத்தது. முதியவரான மடிசன் தம் தீர்மானத்தின் பொருள் அதுவன்று என மறுத்தார். 1836 இல் அவர் மறைந்தபோது, பப்ளியஸின் கடைசிக் குரலும் ஓய்ந்தது. வாசகம் மட்டும் எஞ்சியது.

ஆகவே, மத்தி வலிதாதல் நன்றா, பிரதேசம் வலிதாதல் நன்றா என்று பொதுப்படக் கேட்கும் வினாவுக்கு அமெரிக்காவின் முதற் கட்சிகள் விடை தரவில்லை. மத்தியின் வலு ஒருகால் பத்திரிகையாளரைச் சிறையிட்டது. மாநிலத்தின் வலு பலகால் அடிமையின் விலங்கைக் காத்தது. யாருடைய அதிகாரம், யார்மீது, யார் தடுக்கவல்லார் என்று கேட்கும்போதே வினா பொருளுடையதாகின்றது. பெடரலிஸ்ற் நூலை வேதமென வணங்குவோரும் சூழ்ச்சியென ஒதுக்குவோரும் அவ்வினாவைக் கேளாமலே கடந்துசெல்வர். இரண்டு வாக்குறுதிகளையும் அருகருகே வைத்து, இடையிலுள்ள வெற்றிடத்தையும் 54 ஆம் கட்டுரையின் கூச்சத்தையும் சேர்த்துப் படிப்பதே அந்நூலுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை என்று கருதுகின்றேன்.